செல்லூர் வீட்டுக் குழு: 510 யூனிட்

செல்வி அக்கா (7.10): இந்தத் தடவை இரண்டு மாதக் கரண்ட் 510 யூனிட். ரீடிங் எடுக்க ஆறு நாள் தள்ளி வந்தார்கள். அந்த ஆறு நாளில்தான் 500-ஐத் தாண்டியிருக்கும். வயிறு எரிகிறது.

சித்தப்பா (7.18): 500-ஐத் தாண்டினாலே 101 முதல் 200 யூனிட் வரைக்குமான சலுகை போய்விடும் அம்மா. 2022 செப்டம்பரில் உயர்த்திய கட்டணத்தில் கணக்குப் போட்டேன். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510-க்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! மாதாமாதம் ரீடிங் எடுப்போம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. எழுதியதை நான் மறக்கவில்லை.

முருகன் மாமா (7.25): சிலிண்டரை மட்டும் மறந்துவிடுவீர்களே மச்சான். 2023 மார்ச்சில் 1,100 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் மத்திய பா.ஜ.க. அரசு 200 குறைத்தது. 2024 மார்ச் 8-இல் இன்னொரு 100. ஏப்ரல் 19 நமக்கு ஓட்டு. தேதியைப் பாருங்கள்.

கவிதா (7.31): சித்தப்பா கையில் எப்போதும் கரண்ட் பில். மாமா கையில் எப்போதும் சிலிண்டர் ரசீது. இரண்டு வீட்டுக்கும் இரண்டும்தானே வருகின்றன? கட்சியை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் பில்லைப் பிரிக்கிறோம் என்று தோன்றுகிறது. 2012-இல் அ.தி.மு.க. ஆட்சி கட்டணத்தைக் கூட்டியது, 2014 மக்களவைத் தேர்தலில் 39-க்கு 37 தொகுதி வென்றது. 2022-இல் தி.மு.க. ஆட்சி கூட்டியது, 2024-இல் அந்தக் கூட்டணிக்கு 39-உம் கிடைத்தது.

சித்தப்பா (7.36): அது டெல்லிக்குப் போடும் ஓட்டு. 2011-ஐச் சொல். ஆட்சியே மாறியதில் மின்வெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

கவிதா (7.37): அது விலை இல்லையே சித்தப்பா. கரண்டே இல்லாதது.

மீனாட்சி அத்தை (7.52): கவிதா சொல்வது சரி. தறி வைத்திருப்பவளுக்குத்தான் தெரியும். 2011-இல் ஆட்சியை மாற்றினோம், 2012-இல் இன்னும் மோசமானது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வரும் என்று நானும் என் வீட்டுக்காரரும் தறிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்போம். விளக்கு எரிந்ததும் எழுந்து ஓட்டுவோம். பாதியில் நின்றால், அறுந்த இழையை டார்ச் வெளிச்சத்தில் தேடி முடிச்சுப் போடுவேன். கட்டணம் கூடினால் எதையாவது குறைத்துக்கொள்ளலாம். கரண்ட் இல்லாவிட்டால் அந்த வாரம் கூலியே இல்லை. 2016-இல் எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் வந்தது, 2023-இல் விசைத்தறிக்கு இலவச யூனிட் 750-ஐ 1,000 ஆக்கினார்கள். இரண்டும் வெவ்வேறு கட்சி ஆட்சி. இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முருகன் மாமா (7.58): அப்படியானால் ஓட்டு யாருக்கு அக்கா?

மீனாட்சி அத்தை (8.01): கரண்ட் நிற்காமல் வருகிறதா என்று கடைசி ஆறு மாதம் பார்ப்பேன். அப்புறம் முடிவு செய்வேன். செல்வி, ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வை. ஞாயிறுதோறும் மீட்டரைப் போட்டோ எடுத்து இங்கே போடு. 480 வந்துவிட்டால் மாவை எங்கள் வீட்டில் வந்து அரைத்துக்கொள். எங்களுக்கு 300-தான் வருகிறது.

செல்வி அக்கா (8.03): சரி அத்தை. இட்லி அரிசி ஊறப் போட்டுவிட்டேன், சாயங்காலம் வருகிறேன்.