பைத்தானில் எந்த த்ரெட் சிபியூவைத் தின்கிறது? எண்கள் ஒத்துவரவில்லை

கேள்வி:
லினக்ஸில் ஓடும் பைத்தான் சர்வீஸ், உள்ளே 24 த்ரெட் (ஒரே ப்ரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகள்). ஒரு கோர் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. ஓடும் ப்ரோகிராம்களின் விவரம் தரும் பிஎஸ்யூடில் (psutil) நூலகத்தின் ‘த்ரெட்ஸ்’ பங்ஷனை வினாடிக்கு ஒருமுறை கூப்பிட்டு, யூசர் டைம் (த்ரெட் தன் சொந்தக் கோடை ஓட்டச் செலவிட்ட சிபியூ நேரம்) அதிகமானதை மேலே வைத்துப் பார்க்கிறேன். எப்போதும் அதே இரண்டு த்ரெட்தான் முதலில் வருகின்றன. லாக்கில் பார்த்தால் அவை இப்போது சும்மா இருக்கின்றன. அதில் வரும் ஐடியை வைத்து, கோடில் அது எந்த த்ரெட் என்று கண்டுபிடிக்கவும் வழி வேண்டும்.

பதில் 1:
அந்த யூசர் டைம், த்ரெட் பிறந்ததிலிருந்து சேர்ந்த மொத்த வினாடி. முன்பு நிறைய உழைத்த த்ரெட் தூங்கினாலும் மேலேயேதான் இருக்கும். ஐடி வாரியாக யூசர் டைம், சிஸ்டம் டைம் (அதற்காகக் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, செலவிட்ட நேரம்) இரண்டின் கூட்டுத்தொகையை டிக்‌ஷனரியில் வையுங்கள். சற்று நேரம் கழித்து மறுபடி எடுத்து, வித்தியாசத்தைக் கடந்த நேரத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ஸ்லீப்புக்குக் கொடுத்த 1 வினாடியையே கடந்த நேரமாக எடுக்க வேண்டாம். பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தில் அளந்துவிடுங்கள்.

இடைவெளியைக் குறைக்கும் ஆசை வரும், வேண்டாம். லினக்ஸ் இந்த நேரத்தை வழக்கமாக வினாடிக்கு 100 டிக் என்ற அலகில்தான் தருகிறது. 0.1 வினாடி இடைவெளியில் ஒரு டிக் கூடினாலே 10 சதவீதம் தாவும். 2 வினாடி வைத்தால் அதே டிக் 0.5 சதவீதம்தான். வித்தியாசம் மைனஸில் வந்தால், பழைய த்ரெட் முடிந்து அதே ஐடி புதியதற்குப் போயிருக்கிறது. அந்த வரியைத் தள்ளிவிடுங்கள்.

பதில் 2:
ஐடி விஷயத்தில் பலரும் சறுக்குவது பைத்தான் த்ரெட் ஆப்ஜெக்டின் ‘ஐடென்ட்’ மதிப்பை எடுத்து ஒப்பிடுவதில்தான். அது பைத்தான் தரும் வேறொரு எண், கெர்னல் கொடுக்கும் த்ரெட் ஐடி அல்ல. பைத்தான் 3.8 முதல் த்ரெட் ஆப்ஜெக்டில் ‘நேட்டிவ் ஐடி’ உண்டு, பிஎஸ்யூடில் காட்டுவதோடு பொருந்துவது அதுதான். சர்வீஸ் தொடங்கும்போதே ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பெயர் கொடுத்து, பெயரையும் நேட்டிவ் ஐடியையும் லாக்கில் எழுதிவிடுங்கள். லினக்ஸ் கெர்னல் வைத்திருக்கும் த்ரெட் பெயருக்கு 15 பைட்தான் இடம். தமிழில் வைத்தால் அங்கே 5 யூனிகோட் குறியீட்டோடு நின்றுவிடும்!

பதில் 3:
ஒரே குற்றவாளியை எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான சிபைத்தானில் (எல்லோரும் பயன்படுத்தும் பைத்தான்) ஜிஐஎல் (GIL) பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் கோடை ஓட்டும். நான்கு த்ரெட் முட்டிமோதினாலும் ஆளுக்கு ஏறக்குறைய 25 சதவீதம் என்று பிரிந்து, மொத்தம் 100 பக்கம் நிற்கும். மொத்தம் அதைத் தாண்டினால், நம்பை (NumPy) கணித நூலகம் போல ஜிஐஎல்லை விட்டுவிட்டு வேலை செய்யும் சி கோட் உள்ளே ஓடுகிறது.

த்ரெட் எது என்று தெரிந்த பிறகு, எந்த வரி என்பதற்கு, ஓடும் பைத்தானை வெளியிலிருந்து பார்க்கும் பை-ஸ்பை (py-spy) கருவியின் ‘டம்ப்’ கட்டளை போதும். சர்வீஸை நிறுத்த வேண்டியதில்லை. ரூட் அனுமதி கேட்கும், கன்டெய்னருக்குள் என்றால் பிட்ரேஸ் (வேறொரு ப்ரோகிராமின் உள்ளே பார்க்கும்) அனுமதியும் தர வேண்டும். அதற்கு வழியில்லையா, பைத்தானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் மாட்யூலை ஒரு சிக்னலோடு முன்பே பதிவுசெய்து வையுங்கள். சிக்னல் போனதும் எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கும் (அப்போது எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எரர் வெளியீட்டில் கொட்டும்.

கேள்வி கேட்டவர்:
வித்தியாசம் எடுத்ததும் மூன்று த்ரெட் தலா 32, 33 சதவீதம் காட்டின. டம்ப்பில் மூன்றும் ஒரே வரியில் நிற்கின்றன: க்யூ காலியா என்று காத்திருக்காமல் கேட்டுக்கொண்டே சுற்றும் லூப்.

பதில் 1:
அந்த லூப்பைக் க்யூவின் காத்திருக்கும் ‘கெட்’டுக்கு மாற்றி, டைம்அவுட் 1 வினாடி கொடுங்கள். த்ரெட்டை நிறுத்தச் சொல்லும் கொடி (ஸ்டாப் ஃப்ளாக்) இருந்தால் அதைப் பார்க்க அந்த இடைவெளி போதும்.