தண்ணீர் மாற்றிய மறுநாளே பறவைத் தொட்டியில் கூத்தாடிப் புழுக்கள்: எங்கே தவறு?

கேட்பவர் (திருச்சி):
வணக்கம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்றைச் சென்ற தையில் கொல்லையில் செம்பருத்தியோரமாகப் பறவைகளுக்கென்று வைத்தேன். ஆழம் அரையடி இருக்கும். மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் விளிம்பில் உட்கார்ந்து குடிக்கின்றனவே தவிர, ஒன்றுகூட இறங்கிக் குளித்ததில்லை. இந்தச் சித்திரை வெயிலில் மூன்றே நாளில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை முழுவதும் மொண்டு கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினாலும், மறுநாளே கூத்தாடிப் புழுக்கள் நெளிகின்றன. ஆழ்குழாய்த் தண்ணீரில்தான் குறையோ என்று ஒரு புது வாளியில் பிடித்துவைத்துப் பார்த்தேன்; அதில் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா டெங்குவைச் சொல்லித் தொட்டியை அப்புறப்படுத்தச் சொல்கிறார். மருந்து ஏதேனும் போடலாமா?

பதில் 1 (மண்தட்டு):
மருந்து வேண்டாம், ஐயா. வாளிச் சோதனையிலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் நடுவில் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. அம்முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். நீங்கள் தண்ணீரைத்தான் மாற்றுகிறீர்கள், சுவரைத் தொடவில்லை. சொரசொரப்பான சிமெண்டில் அந்தக் கரும்புள்ளிகள் கண்ணுக்கும் தட்டுப்படா. தேங்காய் நாரால் விளிம்புவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். சோப்பு போட வேண்டாம். இறகிலுள்ள எண்ணெய்ப்பசைக்கு அது ஆகாது.

குளிக்காததற்கு ஆழமே காரணம். சிறு பறவைகளுக்கு விளிம்பில் ஓர் அங்குலமும் நடுவில் இரண்டு அங்குலமும் போதும். கால் ஊன்ற முடியாத தண்ணீரில் அவை இறங்கமாட்டா. அந்தத் தொட்டியை விட்டுவிட்டு, அகன்ற மண்தட்டு ஒன்றை வாங்கிச் சொரசொரப்பான கல்லொன்றை நடுவில் போடுங்கள். நீர் கசிந்து ஆவியாவதால் மண்தட்டில் தண்ணீர் குளிர்ந்தும் இருக்கும். ஆழ்குழாய் நீரின் உப்பு வெள்ளையாகப் படிந்தால் புளியால் தேய்த்துக் கழுவிவிடலாம்.

பதில் 2 (வேப்பநிழல்):
பாசிக்கு வெயிலும் எச்சமும்தான் தீனி. நண்பகலில் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். செம்பருத்திப் புதருக்குள்ளேயே வைத்தால் பறவைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்பது என் கருத்து.

பதில் 3 (மண்தட்டு):
நிழல் சரி, புதர் சரியன்று. நனைந்த இறகோடு பறவையால் சட்டென்று எழும்ப முடியாது. புதரடியில் பதுங்கும் பூனைக்கு அது போதும். புதரிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளி, சுற்றிலும் வெட்டவெளியாக, மேலே உட்கார்ந்து இறகு கோத ஒரு கிளை இருக்கும்படி வையுங்கள்.

கேட்பவர்:
நன்றி. ஒரு காகம் காய்ந்த சப்பாத்தியைக் கொண்டுவந்து ஊறவைத்துத் தின்கிறது, தண்ணீர் கெட்டுப்போகிறது. மழைக்காலத்தில் என்ன செய்வது?

பதில் 4 (மண்தட்டு):
காகத்தைத் திருத்த முடியாது! அதற்கென்று அந்தச் சிமெண்டுத் தொட்டியையே தொலைவில் வைத்து, நாலு விரல் தண்ணீர் மட்டும் விடுங்கள். தேய்த்துக் கழுவுவது அதற்கும் உண்டு. மண்தட்டில் அக்னி நட்சத்திரம் முடியும்வரை காலையும் பிற்பகலும் நிரப்ப வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும் நாட்களில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். ஊரெங்கும் தண்ணீர் இருக்கும்போது உங்கள் தட்டைத் தேடி வருவது கொசுதான். மார்கழியில் இளவெயில் படும் இடத்துக்கு நகர்த்தினால் குளிக்க வரும். எந்த மாதமானாலும் இரண்டு நாளைக்கு ஒருமுறை தேய்ப்பதை விடாதீர்கள். வெப்பத்தில் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும்.

கேட்பவர் (மூன்று வாரம் கழித்து):
கொல்லையில் சும்மா கிடந்த ஆட்டுக்கல்லின்மேல் தட்டை வைத்தேன். புழு இல்லை. நான்காம் நாள் தவிட்டுக்குருவிகள் ஏழு வந்தன; ஒன்று தயங்கிக் கல்லின்மேல் இறங்கி, வயிற்றை நனைத்துச் சிலிர்த்ததும் மற்றவை முண்டியடித்து இறங்கித் தட்டைக் காலியாக்கிவிட்டன. தையல்சிட்டு மட்டும் தட்டை எட்டிப் பார்ப்பதில்லை.

பதில் 5 (வேப்பநிழல்):
தையல்சிட்டுக்கு ஈர இலையே போதும். தண்ணீர் நிரப்பும்போது செம்பருத்தி இலைகளின்மேலும் இரண்டு கை தெளித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இலையில் உடலைத் தேய்த்துத் தேய்த்தே குளித்துவிடும்.