நடைபாதை மானியம்: விண்ணப்பித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம். டெக்சாஸில் எங்கள் ஊர் ஓடைக்கரை நடைபாதை மழையில் அரித்துப் போய், சின்ன மரப்பாலமும் ஆட்டம் கண்டிருக்கிறது. அமெரிக்க மத்திய அரசின் ரிக்ரியேஷனல் டிரெயில்ஸ் திட்டத்தில் மானியம் கேட்கலாம் என்று எங்கள் தன்னார்வக் குழு நினைக்கிறது. சாலைக்கு வெளியே, காடு மேடுகளில் பொழுதுபோக்குக்காக ஓட்டும் வண்டிகளின் எரிபொருள் வரியை வைத்து உருவான திட்டம். நடப்பவர்களுக்கும் அதில் பங்கு உண்டு! புதுப் பாதைக்கு மட்டுமல்ல, பழையதைப் பராமரிக்கவும் தருகிறார்கள்.

சிக்கல் பணத்தில்தான். பொதுவாகச் செலவில் 80 சதவீதம் வரை அவர்கள். மீதி 20 நம் பங்கு. அதுவும் முதலில் நாம் செலவழித்து, ரசீது காட்டிய பிறகே திரும்ப வரும். சின்னக் குழு அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? தன்னார்வலர் உழைப்பையும் நம் பங்கில் சேர்க்கலாம் என்கிறார்கள். அந்த நேரத்தை எப்படிக் கணக்கு எழுதினீர்கள்? மணிக்கு என்ன கூலி போட்டீர்கள்? நிலம் நகராட்சியுடையது என்பதால் அவர்களையே விண்ணப்பிக்கச் சொல்வது நல்லதா? அப்புறம், சுற்றுச்சூழல் ஆய்வுத் தாள்களை நீங்களே தயாரித்தீர்களா, ஆள் வைத்தீர்களா?

வேறு மாநிலத்தில் வாங்கியவர்களும் சொல்லுங்கள். பழைய விண்ணப்பம் கைவசம் இருந்தால், பெயர்களை அடித்துவிட்டு அனுப்பினால் பெரிய உதவி.