ஏபிபி-யாக (உதவி அரசு கிரிமினல் வக்கீலாக) இருந்த வருஷங்கள் வக்கீல் தொழில் கணக்கில் வருமா?

சாட்சிக்கூண்டு:
ஏபிபி-யாக இருந்து மாவட்ட நீதிபதியாகி, ஓய்வுக்குப் பிறகு எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) தரப்புக்கு ஆஜராகிறவர்களைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதினார்: "அரசுச் சம்பளம் வாங்கிய ஏபிபி வக்கீலே இல்லை, அவர் ஜட்ஜ் ஆனதே தப்பு." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மாவட்ட நீதிபதியாக அரசியல் சட்டத்தின் ஆர்ட்டிகிள் 233(2) கேட்பது ஏழு வருஷ வக்கீல் தொழில். தினமும் கோர்ட்டில் எழுந்து சாட்சியை விசாரிக்கிறவர் வக்கீல் இல்லையென்றால் வேறு யார்? பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் இதே காரணத்துக்காக ரத்து செய்த நியமனங்களை, 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீட்டுக்கொடுத்தது.

வக்காலத்து:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். அதே 233(2)-இன் முதல் வரியைப் படியுங்கள். மத்திய, மாநில அரசுப் பணியில் இல்லாதவர் என்று இருக்கிறது. ஏபிபி மாதச் சம்பளக்காரர். அவ்வளவுதான்.

சாட்சிக்கூண்டு:
அங்கே சொல்லும் பணி நீதித்துறைப் பணி. 1966-லேயே சந்திர மோகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பார் கவுன்சில் விதி 49 முழுநேரச் சம்பளக்காரரைத் தடுக்கிறது, உண்மை. ஆனால் வாதாடுவதையே வேலையாகச் செய்பவருக்கு அது பொருந்தாது. ஆபீசில் உட்கார்ந்து ஃபைலில் கருத்து எழுதுகிறவருக்குத்தான் சிக்கல். தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி ஏபிபி தேர்வு எழுதவே கிரிமினல் கோர்ட்டில் ஐந்து வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும். அவரைப் போய் வக்கீல் இல்லை என்கிறீர்கள்!

வக்காலத்து:
சம்பளம் வாங்கினாரா, இல்லையா? அதற்குப் பதில் வரவில்லை.

ஜாமீன்மனு:
ரெண்டு பேரும் பழைய சண்டையையே போடுகிறீர்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியிலிருக்கும் கீழ்க்கோர்ட் நீதிபதிகூட, வக்கீலாக இருந்த காலத்தையும் நீதிபதியாக இருந்த காலத்தையும் கூட்டி ஏழு வருஷம் காட்டினால் போதும் என்று சொல்லிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு எதிரி பக்கம் வருவதுதான் எனக்கு உறுத்தல். ஹைகோர்ட் நிரந்தர நீதிபதிக்கு ஆர்ட்டிகிள் 220 இருக்கிறது: உச்ச நீதிமன்றத்திலும் பிற ஹைகோர்ட்களிலும் மட்டும்தான் ஆஜராகலாம்.

சாட்சிக்கூண்டு:
தான் பிராசிகியூஷன் நடத்திய அதே கேஸில் எதிரிக்கு வந்தால் பார் கவுன்சில் விதி 33 தடுக்கும். வேறு கேஸில் வந்தால் என்ன கெட்டுப்போகும்? எதிரிக்கு நல்ல வக்கீல் கிடைப்பார். சாட்சி சீஃபில் (அரசுத் தரப்பு முதலில் கேட்கும்போது) "அரிவாளைப் பார்த்தேன்" என்கிறார். போலீஸ் வாக்குமூலத்தில் அரிவாளே இல்லை. கிராஸில் (குறுக்கு விசாரணையில்) "போலீசில் சொன்னீர்களா?" என்றால் "சொன்னேன்" என்பார். பல வக்கீல்கள் அதோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஐ.ஓ. (கேஸை விசாரித்த போலீஸ் அதிகாரி) கூண்டில் ஏறும்போது "இந்தச் சாட்சி உங்களிடம் அரிவாள் பற்றிச் சொல்லவில்லை" என்று கேட்டுப் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். கேட்காவிட்டால் அந்த முரண்பாடு நிரூபணம் ஆகாது, தீர்ப்பில் ஒரு வரிகூட அதற்குக் கிடைக்காது. பிராசிகியூஷனில் இருந்துகொண்டு எதிர்த்தரப்பு இந்தக் கேள்வியை விட்டுவிடுவதைப் பார்த்தவர், பிறகு ஜட்ஜாக அதனால் தீர்ப்பு மாறியதையும் பார்த்தவர் மறக்கவே மாட்டார். சாட்சியின் முந்தைய வாக்குமூலத்தைக் காட்டி முரண்பாட்டைக் கேட்க வழிசெய்யும் சாட்சியச் சட்டம் 145-ஐ ஒழுங்காகப் பயன்படுத்தத் தெரிந்தவர் அவர்தான்.

வக்காலத்து:
145 இல்லை, 148. புதுச் சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) வந்தது தெரியாதா? போன மாதம் ஜாமீன் விவாதத்திலும் பழைய எண்ணைப் போட்டுத்தான் மாட்டினீர்கள்.

சாட்சிக்கூண்டு:
மாட்டியது நீங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்த கேஸுக்குப் பழைய சட்டமே ஓடும். நான் சொன்ன மாதிரிக் கேஸ்கள் இன்னும் செஷன்ஸில் குவிந்து கிடக்கின்றன.

ஜாமீன்மனு:
220 பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

சாட்சிக்கூண்டு:
அது ஹைகோர்ட் நீதிபதிக்கு. நாம் பேசுவது மாவட்ட நீதிபதியைப் பற்றி. தீபக் அகர்வால் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள் அவரை.

வக்காலத்து:
படித்தாயிற்று. சம்பளம் வாங்கினாரா, இல்லையா?