ஈட்டி மர மேசையில் சாட்டின் வார்னிஷ் மங்கிவிட்டது, எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

புது உளி:
அம்மாவின் பழைய கட்டிலிலிருந்து கழற்றிய ஈட்டிப் பலகைகளை இழைத்து எழுதுமேசை செய்திருக்கிறேன். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் வார்னிஷ், சாட்டின் (அரைப் பளபளப்பு) ரகம், மூன்று பூச்சு. முதல் பூச்சு எதிர்பார்த்ததைவிடப் பளபளத்தது. மூன்றாவது காய்ந்தபின் கருவரிகளின் மேல் சாம்பல் படிந்தது போல் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிரஷ் தடமும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மனது கேட்கவில்லை. மறுபடி மரம் வரை சுரண்டத்தான் வேண்டுமா?

மரத்தூள்:
வேண்டாம். முதல் பூச்சு பளபளத்தது என்கிறீர்களே, அங்கேதான் விடை இருக்கிறது. டப்பாவை அடிவரை கலக்கினீர்களா?

சாட்டினும் மேட்டும் (பளபளப்பே இல்லாத ரகம்) பளபளப்புக் குறைந்து தெரியக் காரணம், அவற்றில் கலந்திருக்கும் நுண்ணிய சிலிக்காத் தூள். அது வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. டப்பா சும்மா இருந்தால் தூள் அடியில் தங்கிவிடும். மேலாக எடுத்துப் பூசினால் கிட்டத்தட்ட கிளாஸ் (முழுப் பளபளப்பு ரகம்) போல இருக்கும்; அடிக்கு வரவர ஒரே தூள். உங்கள் மூன்றாவது பூச்சு அந்த அடிமண்டிதான். ஈட்டி போன்ற கருமையான மரத்தில் இது உடனே காட்டிக்கொடுக்கும்.

தட்டையான குச்சியால் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்குங்கள், பூசும்போது நடுநடுவிலும். குலுக்கக் கூடாது, குமிழி வரும்.

320 எண் உப்புத்தாளால் மேல்பூச்சின் மங்கலை மட்டும் மெதுவாக எடுங்கள், ஓரங்களில் கை லேசாக இருக்கட்டும். அதன்மேல் அதே வகையில் கிளாஸ் இரண்டு பூச்சு. கிளாஸில் தூள் இல்லை, மர வரிகள் தெளிவாக நிற்கும். கடைசிப் பூச்சு மட்டும் சாட்டின். நான் கருமையான மரத்தில் வேறு விதமாகச் செய்வதே இல்லை. மிச்சமிருக்கும் டப்பாவை நம்பாதீர்கள், அதில் தூளின் அளவு கெட்டுவிட்டது.

பட்டைகள், பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் ஓட்டியதால் வந்தவை. வரிப்போக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தபின் கையை எடுத்துவிடுங்கள்.

நான்காம் இழைப்பு:
இன்னொரு வழி: எல்லாமே கிளாஸில் முடித்துவிட்டு, மூன்று நான்கு வாரம் நன்றாக இறுகிய பிறகு 0000 எண் (மிக நுண்ணிய) எஃகுக் கம்பளியும் மெழுகும் கொண்டு தேய்த்து வேண்டிய அளவுக்குப் பளபளப்பைக் குறைக்கலாம். பூச்சுகளுக்கு நடுவில், அதுவும் தண்ணீர் வகையில், எஃகுக் கம்பளி வேண்டாம். சிக்கிய இழை துருப்பிடித்துப் புள்ளி விழும். எழுதுமேசையில் மணிக்கட்டு உரசும் இடம் நாளடைவில் மறுபடி பளபளக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

புது உளி:
டப்பாவைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரற்கடை வெள்ளைச் சேறு, குச்சி அப்படியே நிற்கிறது. ஒருமுறைகூட நான் கலக்கவில்லை. மிச்சத் துண்டுப் பலகை ஒன்றில் இரண்டு கிளாஸ், ஒரு சாட்டின் பூசிக் காயவைத்திருக்கிறேன். அது சரியாக வந்த பிறகுதான் மேசையில் கை வைப்பேன்.