நீல்ஸ் போரின் அணு மாதிரியைக் கல்லூரியில் இன்னும் நடத்தத்தான் வேண்டுமா?

நிறமாலைநேசன் (தொடங்கியவர்)

முதலாண்டுப் பாடத்திட்டம் என்று பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து நிற்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடலாம். எலக்ட்ரான் உட்கருவைக் குறிப்பிட்ட சில வட்டப்பாதைகளில் மட்டும் சுற்றுகிறது என்ற போரின் மாதிரி 1913இல் பெரிய பாய்ச்சல், மறுக்கவில்லை. ஆனால் 1926இல், பாதையை விட்டுவிட்டு எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தாயிற்று. ஹைட்ரஜனின் அடி நிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) எலக்ட்ரானுக்குக் கோண உந்தம் ஒரு எச்-பார் (பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்தது) என்கிறார் போர். உண்மையில் அது பூஜ்யம். இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தின் நிறமாலைக்குக்கூட அந்த மாதிரியால் விடை சொல்ல முடியவில்லை.

பள்ளியில் ஒருமுறை வட்டப்பாதை, கல்லூரிக்கு வந்து மறுபடியும் வட்டப்பாதை, அப்புறம் ஒருநாள் "அதெல்லாம் மறந்துடுங்க". மனசில் பதிந்த படம் அவ்வளவு லேசில் போகாது. பி ஆர்பிட்டால் (எலக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள பகுதி) படத்தைப் பார்த்துவிட்டு, "எலக்ட்ரான் இந்த எட்டு மாதிரி பாதையிலதான் சுத்துமா சார்?" என்று கேட்காத வகுப்பு உண்டா?

கரும்பலகை

ஹீலியம் அணுவிடம் தோற்றது சரி. ஹீலியம் அயனிக் கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சில விண்மீன்களின் நிறமாலையில் தெரிந்த பிக்கரிங் கோடுகளை ஹைட்ரஜனுடையவை என்றே நினைத்திருந்தார்கள். போர், "இல்லை, அது ஒரு எலக்ட்ரானை இழந்த ஹீலியம்" என்றார். நிறமாலை ஆய்வாளர் ஃபௌலர் விடவில்லை. உங்கள் கணக்குப்படி, கோடுகளின் இடத்தைச் சொல்லும் ஹீலியம், ஹைட்ரஜன் மாறிலிகளின் விகிதம் சரியாக 4 வரவேண்டும், அளந்தால் 4.0016 வருகிறதே என்று மடக்கினார். உட்கருவும் கொஞ்சம் அசைகிறது என்று சேர்த்துக்கொண்டு போர் மறுபடி கணக்குப் போட்டார். வந்தது 4.00163.

அதே உட்கரு அசைவுக் கணக்குதான் பின்னாளில் டியூட்டீரியத்தை (கனமான ஹைட்ரஜனை) தேடிய வேதியியலாளர் யூரிக்கும் கைகொடுத்தது. ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில், சுமார் 0.18 நானோமீட்டர் தள்ளி இன்னொரு கோடு இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலாண்டு மாணவன் இதை அரைப் பக்கத்தில், வெறும் இயற்கணிதத்தில் போட்டுவிடுவான். ஷ்ரோடிங்கர் வழியில் போனால் லகேர் பல்லுறுப்புக் கோவை என்ற கணிதத்திலேயே பருவம் முடிந்துவிடும். அணு எங்கே, கோடு எங்கே?

நிறமாலைநேசன்

அந்த 4.00163 ஷ்ரோடிங்கரிலும் அப்படியே வரும். அதற்காக வட்டப்பாதை தேவையில்லை.

விடை சரியாக வந்ததால் படமும் சரி என்று மாணவன் நம்பிவிடுவதுதான் என் பயம். ட்ரூட் மாதிரியைப் பாருங்கள். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறு மாதிரி திரிகின்றன என்று 1900இல் சொன்னார். வெப்பக் கடத்துதிறனுக்கும் மின் கடத்துதிறனுக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட சரியாக வந்தது. எப்படி? எலக்ட்ரான்களின் வெப்ப ஏற்புத்திறனைச் சுமார் 100 மடங்கு கூட்டிப் போட்டிருந்தார், வேகத்தின் இருமடியைச் சுமார் 100 மடங்கு குறைத்துப் போட்டிருந்தார். ரெண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. சொமர்ஃபெல்ட் குவாண்டம் புள்ளியியலைக் கொண்டுவரும் வரை இது வெளிச்சத்துக்கு வரவில்லை.

கரும்பலகை

எனக்காக வாதாடியதற்கு நன்றி! ட்ரூட் மாதிரியை நடத்தாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வீர்கள்? விடை சரி, காரணம் தப்பு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

வினைகலன்

வேதியியல்காரி நான், நடுவே நுழைகிறேன். எங்கள் பிழைப்பே நாலைந்து மாதிரிகளை மாற்றி மாற்றி எடுத்துப் போடுவதுதான். மூலக்கூறின் வடிவம் கேட்டால் எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை. காந்தப் பண்பு கேட்டால் மூலக்கூறு ஆர்பிட்டால். ஆக்சிஜனுக்கு லூயிஸ் அமைப்பு (எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகப் போடும் படம்) எழுதினால் எல்லா எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்துவிடும், அப்படியானால் காந்தம் அதை இழுக்கக்கூடாது. ஆனால் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றிப் பாருங்கள். இளநீலமாக அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு லூயிஸ் படம் எங்கே கைவிடும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

என் ஆத்திரமெல்லாம் வேறு இடத்தில், ஒரு எஸ், மூன்று பி ஆர்பிட்டால்களைக் கலந்து நான்கு ஒரே மாதிரி ஆர்பிட்டால் ஆக்கும் இனக்கலப்பில். "மீத்தேன் ஏன் நான்முகி?" "எஸ்பி3 இனக்கலப்பு." "ஏன் எஸ்பி3?" "நான்முகி வடிவம் என்பதால்." இதற்கு முழு மதிப்பெண் வேறு போடுகிறோம். மீத்தேனின் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் (ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி அதன் ஆற்றலை அளப்பது) இணைதிறன் எலக்ட்ரான்களுக்கு இரண்டு பட்டைகள் வரும், ஒன்று 14 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி, மற்றது 23ஐ ஒட்டி. நான்கு பிணைப்பும் ஒரே மாதிரி என்று படித்தவன் திகைத்துப்போவான். (இதற்காக இனக்கலப்பே பொய் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். கலப்பு ஆர்பிட்டாலைத் தனித்தனி ஆற்றல் மட்டமாக வாசித்தது நம்முடைய தப்பு, மாதிரியின் தலையில் கட்டவேண்டாம்.)

கடைசிபெஞ்ச்

மாணவன் பேசலாமா? இந்தப் பருவத்தில் எங்களுக்கு ரெண்டு தாள். இயற்பியல் தாளில் அடி நிலைக் கோண உந்தம் ஒரு எச்-பார். வேதியியல் தாளில் 1எஸ் (அதே அடி நிலை) எலக்ட்ரானுக்குப் பூஜ்யம். ரெண்டுக்கும் மார்க் உண்டு. ரெண்டு பேராசிரியர்களும் ஒரே மாடியில்தான் இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை போல.

வினைகலன்

தம்பி, கேள்வியில் "போர் கொள்கைப்படி" என்று இருந்தால் எச்-பார், இல்லையென்றால் பூஜ்யம். அந்த ஒற்றைச் சொல்லைக் கேள்வியில் போட மறக்கிற எங்களைத்தான் சொல்லவேண்டும்.

செய்முறைக்கூடம்

எல்லோரும் அணுவுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள், கொஞ்சம் வெளியே வாருங்கள். தனி ஊசல். "சிறிய கோணத்துக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் 5 பாகையில் ஆட்டுகிறார்கள். நான் 60 பாகையிலும் ஆட்டச் சொல்வேன். ஒரு மீட்டர் நூல், 20 அலைவு. சூத்திரப்படி 40.1 நொடி. 20 பாகையில் விட்டால் 40.4தான் வரவேண்டும், அந்த 0.3 நொடி நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரலின் பிழையிலேயே மறைந்துவிடும். 60 பாகை வீச்சு குறையாமல் இருந்தால் 43ஐத் தாண்டும். ஆனால் காற்றுத்தடையில் வீச்சு குறைந்துகொண்டே வரும், 43 முழுசாக வராது. பிள்ளைகள் "சார், 42 கூட வரல" என்று வந்து நிற்பார்கள். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கவேண்டும். எவ்வளவு பிழை வரை இந்தச் சூத்திரம் பரவாயில்லை என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. வரம்புகளைக் கூறுக என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டால் மனப்பாடம்தான் வரும்.

நிறமாலைநேசன்

ஊசலுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஊசலில் கோணத்தைக் குறைக்கக் குறைக்கச் சூத்திரம் உண்மைக்கு நெருங்கிக்கொண்டே போகிறது. போர் மாதிரியில் எதைக் குறைத்தால் வட்டப்பாதை உண்மையாகும்?

கரும்பலகை

குறைக்கக் கூடாது, கூட்டவேண்டும். மட்ட எண்ணை, அதாவது உட்கருவிலிருந்து எத்தனையாவது பாதை என்பதை, கூட்டிப் பாருங்கள். 2ஆம் மட்டத்திலிருந்து 1க்குக் குதிக்கும்போது வெளிவரும் ஒளியின் அதிர்வெண், 2ஆம் பாதையில் எலக்ட்ரான் சுற்றும் அதிர்வெண்ணைப்போல 3 மடங்கு. ஒட்டவே ஒட்டாது. 100லிருந்து 99க்குப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 1.5 விழுக்காடுதான். சுற்றும் மின்னூட்டம் சுற்றும் அதிர்வெண்ணிலேயே ஒளி விடும் என்ற பழைய இயற்பியல் அங்கே திரும்ப வந்துவிடுகிறது. போரே இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டுதான் முன்னேறினார். கைக்கணிப்பானில் ஐந்து நிமிட வேலை.

நிறமாலைநேசன்

போட்டேன், 1.5தான் வருகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், தகராறு இல்லை. ஆனால் எந்தப் பாடநூல் 100ஆம் மட்டத்தைப் படம் போட்டுக் காட்டுகிறது? வட்டம் சரியாகும் இடத்தை விட்டுவிட்டு, அது முற்றிலும் தப்பாகும் 1ஆம் மட்டத்தைத்தான் அட்டைவரை அச்சிடுகிறார்கள். வினாத்தாளில் "எடுகோள்களை எழுதுக, 10 மதிப்பெண்" இருக்கும்வரை என் ஓட்டு நீக்குவதற்குத்தான்.

செய்முறைக்கூடம்

அந்த 10 மதிப்பெண் கேள்விக்குப் பதிலாக உங்கள் 100, 99 கணக்கை வைக்க நான் தயார். விடைக்குறிப்பு யார் எழுதுவது? அதைச் சொல்லுங்கள், அடுத்த பாடத்திட்டக் கூட்டத்திலேயே பேசிவிடலாம்.

கரும்பலகை

நான் எழுதுகிறேன். நேசன் திருத்தித் தரட்டும், அப்போதுதான் ஓட்டை இருக்காது.