ஃபுல் டேபிளுக்கு 4 ஜிபி ரேம் போதுமா?

கேள்வி:
இரண்டு அப்ஸ்ட்ரீம்களிடமும் (எங்களுக்கு இணையம் தரும் நிறுவனங்கள்) ஐபிவி4, ஐபிவி6 ஃபுல் டேபிள், அதாவது இணையம் முழுவதற்குமான ரூட் பட்டியல், எடுக்க வேண்டும். ரவுட்டரில் 4 ஜிபி ரேம் இருக்கிறது. டேட்டாஷீட்டில் "பிஜிபி ரூட் 40 லட்சம்" என்று போட்டிருக்கிறார்கள் (பிஜிபி: நெட்வொர்க்குகள் ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை). ஒரு அப்ஸ்ட்ரீமோடு பிஜிபி செஷனை ஏற்றியதுமே சிபியு 100 சதவீதம்; சில தளங்களுக்கு மட்டும் பாக்கெட் தொலைகிறது. ரேமோ பாதிகூட நிரம்பவில்லை. கூடுதல் ரேம் போட்டால் சரியாகுமா?

பதில் 1:
ஆகாது. நிரம்பியது ரேம் அல்ல, டிகேம் (ரூட் தேடுவதற்கென்றே உள்ள தனி நினைவகச் சிப்). அந்த 40 லட்சம் ரிப்புக்கான (கேட்டறிந்த எல்லா ரூட்டும் உள்ள பட்டியல்) கணக்கு. ரிப் ரேமில் இருக்கும். பாக்கெட்டை அனுப்பப் பார்ப்பது ஃபிப்பை (அதிலிருந்து தேர்ந்த ரூட்டுகள் மட்டும் உள்ள பட்டியல்). அது லைன் கார்டின் (போர்ட்டுகள் உள்ள அட்டை) டிகேமில் உட்காரும். அதன் அளவு டேட்டாஷீட்டில் வேறு எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். அங்கே இடம் கிடைக்காத ரூட்டுகளுக்கான பாக்கெட் சிபியுவுக்கு ஏறும். "சில தளங்கள் மட்டும்" என்பது அதனால்தான்.

கணக்கு இப்படி: ஐபிவி4 இன்று சுமார் 10 லட்சம், ஐபிவி6 2 லட்சத்துக்கு மேல். பல சிப்களில் ஒரு ஐபிவி6 ரூட் இரண்டு இடம் பிடிக்கும். ஆக 14 லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும், வளர்ச்சிக்குத் தனியாக விடுங்கள். இரண்டாவது அப்ஸ்ட்ரீம் வந்தால் ரிப்பில் பாத் இரட்டிக்கும். ஃபிப்பில் பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) ஒன்றுக்கு ஒரு இடம்தான்.

2014 ஆகஸ்ட் 12 அன்று ஐபிவி4 டேபிள் 512கே-யை (சுமார் 5 லட்சம் ரூட்) தாண்டியபோது நடந்ததும் இதுவே. சிஸ்கோ 6500, 7600 பெட்டிகளில் ஐபிவி4-க்கு டிஃபால்ட்டாக ஒதுக்கியிருந்தது அவ்வளவுதான்.

கேட்டவர்:
அப்படியானால் டிகேம் பங்கீட்டை மாற்றினால் போதுமே?

பதில் 2:
6500-இல் "எம்எல்எஸ் செஃப் மேக்ஸிமம்-ரூட்ஸ் ஐபி" கட்டளையால் மாற்றலாம்; ரீலோட் செய்தால்தான் அமலாகும். ஆனால் ஐபிவி4-க்குக் கொடுப்பதை ஐபிவி6-இடமிருந்துதான் பிடுங்க வேண்டும். மொத்தமே 10 லட்சம் இடம் உள்ள கார்டில் இன்று எப்படிப் பங்கிட்டாலும் பற்றாது.

டேபிளைச் சுருக்குங்கள். முதலில் இருவரிடமும் டிஃபால்ட் ரூட் (வேறு ரூட் இல்லாத பாக்கெட்டுகளுக்கான வழி) வாங்கி, அது வந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு உள்வரும் பிரிஃபிக்ஸ் லிஸ்ட்டில் (ரூட் வடிகட்டி) /24-ஐ (256 முகவரி கொண்ட ஐபிவி4 பிளாக்) தள்ளுங்கள். டேபிளில் பாதிக்கு மேல் அதுதான். வரிசை மாறினால், மேலே பெரிய பிளாக் அறிவிக்கப்படாத /24-கள் எல்லாம் எட்டாமல் போகும்.

"சாஃப்ட்-ரீகான்ஃபிகரேஷன் இன்பவுண்ட்" இருந்தால் எடுத்துவிடுங்கள். நீங்கள் தள்ளிய ரூட்டுகளையும் அது ரேமில் பத்திரமாக வைத்துக்கொள்ளும், வடிகட்டிய பலன் ரேமுக்குக் கிடைக்காது. ரூட் ரிஃப்ரெஷ் (ரூட்டுகளை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும் வசதி) இருக்கும்போது அது எதற்கு? மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸும் (ஏற்கும் ரூட் எண்ணிக்கைக்கான வரம்பு) பாருங்கள்: இறுக்கமாக வைத்தால் டேபிள் வளரும் ஒரு நாளில் செஷன் தானே விழும்.

பதில் 3:
ஃபுல் டேபிள் கட்டாயம் என்றால், ட்ராஃபிக் சில ஜிகாபிட்தான் என்றால், லினக்ஸ் சர்வரில் பேர்ட் அல்லது எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளைப் போடலாம். அங்கே ஃபிப்பும் ரேமில்தான், டிகேம் தொல்லை இல்லை. இரண்டு ஃபுல் ஃபீடுக்கு 8 ஜிபி வைத்தால் தாராளம். பழைய கர்னலில் மட்டும் ஒரு பொறி: "நெட்.ஐபிவி6.ரூட்.மேக்ஸ்_சைஸ்" என்ற ரூட் வரம்பின் டிஃபால்ட் 4096. அதை உயர்த்தாமல் ஐபிவி6 டேபிளை ஏற்றினால், ரேம் காலியாக இருக்கும்போதே ரூட் ஏற மறுக்கும்.